வெடிப்புக்காசு சென்னியப்பன்

நுனி நாக்கை நீட்டி ராஜாவின் கழுத்தை நக்கிக்கொண்டிருக்கிறார் சென்னியப்பன். ராஜா என்றால் ஐந்தாம் ஜார்ஜ். எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைந்த தங்கத்தில், தாடி மீசையோடு இடப்பக்கம் பார்த்தபடி அவர் பாட்டுக்கு இருக்கிறார். கழுத்திலிருந்து தாடிக்கு ஒரு தரம், தாடியிலிருந்து கழுத்துக்கு ஒரு தரம் நாக்கு போய் வருகிறது. பிறகு சென்னியப்பன் கண்ணைத் திறக்கிறார்.

"இருக்குதுங்க. மயிரளவு. கண்ணு பொய் சொல்லும், லென்ஸும் பொய் சொல்லும். நாக்கு சொல்லாதுங்க."

சொல்லிவிட்டு அதே காசை என் பக்கம் நீட்டி, "நீங்களும் ஒருக்கா பாருங்க" என்கிறார். பதினான்கு வருஷமாக நானும் வேண்டாம் என்று சொல்லி வருகிறேன். அவர் தோப்புக்கும் என் தோப்புக்கும் நடுவே ஒரு வேலிதான். வேலியை மாற்றலாம், பக்கத்துத் தோட்டத்துக்காரரை மாற்ற முடியாது.

அவர் தேடுவது அச்சு வெடிப்பு. காசு அடிக்கிற இரும்பு அச்சு ஆயிரக்கணக்கில் அடி வாங்கி ஒருநாள் விரிசல் விடும். அதைக் கவனிக்காமல் மேற்கொண்டு அடித்தால், விரிசலுக்குள் தங்கம் புகுந்து காசின்மேல் நூல் மாதிரி ஒரு கோடு எழும்பி நிற்கும். அதாவது நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு நாணயச்சாலையில் எவனோ ஒருவன் அச்சை மாற்றச் சோம்பல்பட்டிருக்கிறான். அந்தச் சோம்பேறியின் சுவடு தேடித்தான், கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பதினோரு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மனிதர் ஒருவர் தம் ஆயுசைக் கரைக்கிறார். தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டு எட்டு வருஷமாகிறது. அது பல இடங்களில் வெடித்துத் தண்ணீர் என் பக்கம் ஓடி வருகிறது. அந்த வெடிப்பு எதையும் அவர் பார்த்ததில்லை. அதில் எனக்கு லாபம்தான், இருந்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஆள் ஒல்லி. வயது ஐம்பத்தெட்டு. சட்டைப்பையில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் குட்டி லென்ஸ் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். நாக்கைத்தான் நம்புகிறேன் என்று சொல்கிறவருக்கு அது எதற்கு என்று கேட்டால், "வர்றவங்களுக்குக் காட்டோணுமில்லீங்க, எல்லாரும் நக்குவாங்களா?" என்பார். காசுகளை மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளில் பஞ்சு பரப்பி வைத்திருக்கிறார். அப்படிப் பதினேழு பெட்டி, நாற்பத்து மூன்று காசு. பீரோவில் மகனுடைய சான்றிதழ்கள் இருந்த அறையைக் காலி பண்ணிப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார். சான்றிதழ்கள் இப்போது உரச் சாக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சப்பையில் தொங்குகின்றன.

ஒவ்வொரு வெடிப்புக்கும் பெயர் வைத்திருக்கிறார். விளிம்பிலிருந்து நேராக ராஜாவின் கழுத்துக்குப் போகும் கோடு 'பொள்ளாச்சி ரோடு'. இரண்டாகப் பிரிந்து போவது 'ஆளியாத்து வாய்க்கா'. காசின் மறுபக்கத்தில் குதிரைமேல் ஒரு வீரன் இருப்பான் அல்லவா, அந்தக் குதிரையின் பின்னங்காலை வெட்டிக்கொண்டு போனால் அது 'நொண்டிக் குதிரை'. பம்பாயில் அடித்த 1918-ஆம் வருஷத்துக் காசு ஒன்றில் இந்த மூன்றும் சேர்ந்து வந்திருக்கிறதாம். அதை வெள்ளிக்கிழமை மட்டும்தான் வெளியே எடுப்பார். அதற்குப் பெயர் இன்னும் அகப்படவில்லை என்று என்னிடமே இரண்டு தரம் யோசனை கேட்டார். நான் சொன்ன பெயரை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

வெடிப்பில்லாத காசுக்கு அவர் மொழியில் 'முழுக்காசு' என்று பெயர். அந்த வார்த்தையைச் சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும். "முழுசா இருக்கறதுல என்னங்க இருக்குது? அது எல்லாத்துகிட்டயும் இருக்கும்." என் மாமியார் என் மனைவிக்குக் கொடுத்த ராணிக்காசை ஒருநாள் ஆசையாக எடுத்துப்போய்க் காட்டினேன். புத்தி கெட்டுப்போய்த்தான் காட்டினேன். வாங்கினார், நக்கினார், வேட்டியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "பாவம், சுத்தமா இருக்குதுங்க. ஸாரமில்லீங்க, போனாப் போகுது, மோதரம் கீதரம் பண்ணிக்குங்க" என்று துக்க வீட்டில் சொல்கிற மாதிரி ஆறுதல் வேறு சொன்னார். வீட்டுக்கு வந்து அந்தக் காசைச் சோப்புப் போட்டுக் கழுவினோம்.

நாக்கை நம்பியதற்கு அவர் ஒரு தரம் அனுபவித்தும் இருக்கிறார். வீரராயன் பணம் என்று எங்கள் பக்கத்தில் பழைய பொடிக்காசு ஒன்று உண்டு. தங்கம்தான், ஆனால் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். கொல்லங்கோட்டில் ஒரு வீட்டில் அதை வாங்கிவந்து, வழக்கம்போல நாக்கில் வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. காசு உள்ளே போய்விட்டது. மூன்று நாள் தோப்பை விட்டு எங்கும் நகரவில்லை. பஞ்சாயத்துக் கூட்டத்துக்குக்கூட உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். நாலாம் நாள் வேலியோரம் வந்து நின்ற முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இருந்துச்சுங்க, வெடிப்பு" என்றார். காசு கிடைத்ததா என்று நான் கேட்பதற்கு முன்பே இதைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் காசை மறுபடி நக்கினாரா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

இந்த மாதிரி கிறுக்கு இவர் ஒருவர் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் இவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. திருநெல்வேலியில் ஒரு பல் டாக்டர், மங்களூரில் ஒரு மீன் வியாபாரி என்று எண்பது பேர். என்னைக் கேட்காமலே என்னையும் அதில் சேர்த்துவிட்டார். காலை ஆறு மணிக்கு ராஜாவின் காது மட்டும் பெரிதாகத் தெரிகிற படம் ஒன்று வரும். கீழே எண்பது பேரும் வரிசையாகக் கைகூப்புவார்கள். குழுவிலிருந்து இரண்டு முறை வெளியேறிப் பார்த்தேன். "கை தவறி வெளிய போயிட்டீங்களாட்ட இருக்குது" என்று வேலியோரம் வந்து சொல்லிவிட்டு இரண்டு முறையும் திரும்பச் சேர்த்தார்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் செல்லாத்தாளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

செல்லாத்தாள் அவருடைய மனைவி. கல்யாணத்தின்போது செல்லாத்தாளின் அம்மா இருபத்தோரு காசு கோத்த காசுமாலை ஒன்றைப் போட்டு அனுப்பினார். எல்லாம் முழுக்காசு. நம்மவர் வருஷத்துக்கு ஒன்று, நல்ல வருஷத்தில் இரண்டு என்று மாலையிலிருந்து கழற்றி, பொள்ளாச்சியில் உள்ள காசு வியாபாரியிடம் கொடுத்து வெடிப்புக்காசாக மாற்றிக்கொண்டார். திருடியதாக அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "எட்டு கிராம் குடுத்தேன், எட்டு கிராம் வாங்குனேன். எடை கொறஞ்சுதுங்களா? தங்கம் ஊட்லதானுங்க இருக்குது?" என்று கோர்ட்டில் பேசுகிற மாதிரி பேசுவார். மாலை பதக்கமும் நூலுமாகப் பெட்டியில் கிடக்கிறது. ஒருநாள் வேலியருகே கீரை பறித்துக்கொண்டிருந்த செல்லாத்தாளிடம் நானாகவே அதைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கம்மா எருமை வச்சிருந்துச்சுங்க. ஒவ்வொரு காசையும் எடுத்துக் காட்டி, இது கட்டக்கொம்பு வித்த காசு, இது சுட்டி வித்த காசுன்னு சொல்லும். இப்ப இவரு பொட்டியில இருக்கறதெல்லாம் எவனூட்டுக் காசோ. எனக்கு ஒண்ணையும் தெரியாதுங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கீரையை முறத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்தத் தை மாதம் மகன் கோகுல்நாத்துக்குக் கல்யாணம் முடிவானது. பையன் கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். பெண் அனுப்பிரியா, உடுமலைப் பக்கம். இவர்கள் கூட்டத்தில் கடையில் வாங்கிய தாலி கட்டமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக் காசு ஒன்றை, மாப்பிள்ளையின் அப்பா தம் கையால் எடுத்துக் கொடுக்க, இரண்டு வீட்டாரும் பார்த்திருக்க நல்ல நேரத்தில் உருக்கித்தான் தாலி செய்வார்கள். செல்லாத்தாள் அவரிடம் கேட்டது ஒரே ஒரு காசு. இருபத்தொன்றைக் கொண்டுவந்தவர் ஒன்றைத் திருப்பிக் கேட்டார்.

சென்னியப்பன் இரண்டு மாதம் பெட்டிகளைத் திறந்து திறந்து மூடினார். ஒவ்வொரு காசுக்கும் ஒரு வக்காலத்து இருந்தது. "பொள்ளாச்சி ரோட்டையே உருக்கச் சொல்றயா நீயி?" என்று மனைவியிடம் கத்தியது என் வீடு வரை கேட்டது. கடைசியில் வியாபாரியிடம் போய்த் தாலிக்கென்று ஒரு முழுக்காசு வாங்கிவந்தார். துணியில் சுற்றி வந்ததை அப்படியே மனைவியிடம் கொடுத்துவிட்டார். நாக்கு வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"முழுக்காசை நக்கறதுக்கு நான் என்ன கிறுக்கனுங்களா?" என்றார்.

பொன் உருக்குகிற அன்று காலை ஒன்பது மணிக்கு நானும் போயிருந்தேன். முன்வாசலில் பந்தல். பெண் வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். அனுப்பிரியாவின் அம்மா சரஸ்வதியம்மாள் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சகுனம் பார்க்கிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. தட்டான் தனபால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்து, தங்கம் உருக்குகிற மண்கிண்ணத்தையும் கேஸ் விளக்கையும் எடுத்து வைத்திருந்தார். ஒரு தட்டில் பச்சரிசி, வெற்றிலை, நடுவில் அந்த முழுக்காசு. சுமங்கலிப் பெண்கள் ஏழு பேர் ஒவ்வொருவராக வந்து காசுக்கு மஞ்சள் தடவிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். செல்லாத்தாள் அன்றைக்குப் புதுப் புடவை கட்டியிருந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அப்பா கையால எடுத்துக் குடுங்க" என்றார் தனபால். சென்னியப்பன் காசை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை.

ஏழு பெண்கள் தடவிய மஞ்சளில் மற்றதெல்லாம் அவர் விரல் பட்டுத் துடைபட்டிருக்க, ஒரே இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது. விளிம்பிலிருந்து புறப்பட்டு, ராஜாவின் காதைச் சுற்றிக்கொண்டு, தாடி வழியாக மறு விளிம்புக்குப் போகிற ஒரு மஞ்சள் கோடு. அவர் நக்காமல் விட்ட ஒரே காசு. இரண்டு வீட்டுச் சொந்தபந்தமும் பார்த்துக்கொண்டிருக்க, மஞ்சளோடு சேர்த்து நாக்கை வைத்தார்.

"வெடிச்சிருக்குதுங்க!" என்று கூவினார். "முழுசும் வெடிச்சிருக்குதுங்க! இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசி வரைக்கும்!"

சரஸ்வதியம்மாள் எழுந்துவிட்டார். "என்னங்க சம்பந்தி, தாலிக்கு வச்ச காசைப் போயி வெடிச்சிருக்குதுங்கறீங்க?"

அப்போதுதான் சென்னியப்பனுக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல இறங்கியது. அது இறங்கிய இடத்தில் ஒரு தந்திரம் ஏறி உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி சொன்னார்: "ஆமாங்க. குத்தமுள்ள காசுங்க. தாலிக்கு ஆகாது. சின்னஞ்சிறுசுக வாழப்போறதுங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வெடிப்பு குற்றமே இல்லை, அதுதான் காசுக்கு அழகு என்று பதினான்கு வருஷம் என் காதைத் தின்ற வாய் அது. ஒரு காசைக் கிண்ணத்திலிருந்து காப்பாற்ற, தம் நாற்பத்து மூன்று காசையும் குற்றவாளிகளாக்கத் துணிந்துவிட்டது.

"உருகுனா வெடிப்பு எங்கீங்க நிக்கும்?" என்றார் செல்லாத்தாள். "போடுங்க உள்ள."

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதில்ல புள்ள?"

சாஸ்திரம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டேன். ஆனால் பெண் வீட்டாரிடம் அது வேலை செய்தது. உருகினாலும் குற்றம் குற்றம்தானே என்று பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பெண்ணின் பெரியப்பா ஒருவர், "வேற காசு இருந்தா எடுத்தாங்க. அதுக்கென்ன?" என்று நியாயமாகச் சொன்னார்.

கோகுல்நாத் அப்பாவின் பக்கத்தில் வந்து, "உள்ளாற இருக்கறதுல ஒண்ணு எடுங்கப்பா" என்றான். கெஞ்சுகிற குரல்.

"அதெல்லாமும் வெடிச்சதுதான்டா கண்ணு" என்றார் அப்பா.

தம் வாயாலேயே பீரோவைப் பூட்டிவிட்டார். இனி அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிசந்தானுங்க நல்ல நேரம்" என்றார். சரஸ்வதியம்மாள் தம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நேரம் தவறிப்போச்சுன்னா நாங்களும் ஒரு வார்த்தை யோசிக்கோணுமுங்க. ஆரம்பமே இப்பிடின்னா எப்பிடீங்க?" என்றார். வேன் டிரைவர்கள் இரண்டு பேரும் பந்தலுக்கு வெளியே எழுந்து நின்றதை நான் பார்த்தேன். கோகுல்நாத்தும் பார்த்தான். அவன் முகம் செத்துவிட்டது.

செல்லாத்தாள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தில் விரல்களை முக்கி, வலது மணிக்கட்டில் தடவினார். கையில் இருந்த இரண்டு தங்க வளையல்களில் உள்ளே இருந்ததைப் பிடித்து இழுத்தார். கல்யாணத்துக்குப் போட்டது, அப்போது கை சின்னதாக இருந்திருக்கும். வெளியே இருந்தது சுலபமாக வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு மற்றதை மறுபடி இழுத்தார். பெருவிரல் எலும்பில் வந்து நின்றுவிட்டது. பெண்கள் யாரோ, "வெளிய வந்ததே போதுமுங்கக்கா, அதையே குடுங்க" என்றார்கள். "அது இவரு வாங்கிக் குடுத்ததுங்க. இது எங்கம்மா போட்டது" என்றார். இன்னொரு முறை எண்ணெய் தொட்டு, விரல்களைக் குவித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தோல் வழண்டு சிவந்தது. வளையல் கழன்று வந்தது.

இத்தனைக்கும் சென்னியப்பன் பக்கத்திலேயே நின்றார். மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம் புள்ள என்று பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

செல்லாத்தாள் வளையலைத் தட்டில் வைத்து, "இதுல குத்தம் ஒண்ணுமில்லீங்க. பாத்துக்குங்க" என்று சம்பந்தியிடம் நீட்டினார். சரஸ்வதியம்மாள் வளையலைப் பார்க்கவில்லை. அந்த மணிக்கட்டைத்தான் பார்த்தார். பிறகு தாமே மஞ்சளை எடுத்து வளையலுக்குத் தடவினார். "எம்புள்ள குடுத்து வச்சவ" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பின்வரிசை அடங்கியது. தனபால் விளக்கைப் பற்றவைத்தார்.

உருக்கும் முன்பு எல்லாரும் ஒரு தரம் தொட்டு ஆசீர்வாதம் பண்ண வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். தட்டு அவசர அவசரமாகச் சுற்றி வந்தது. பெண்கள் தொட்டார்கள், கோகுல்நாத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், நானும் தொட்டேன். கடைசியாகத் தட்டு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றது. தட்டைப் பிடித்திருந்தவர் செல்லாத்தாள்.

சென்னியப்பனின் வலது கை மூடியிருந்தது. உள்ளே அந்தக் காசு. அதை மகனிடம் கொடுத்திருக்கலாம், சட்டைப்பையில் போட்டிருக்கலாம், யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. தனபால், "தொடுங்க, நேரமாவுது" என்றார். சென்னியப்பன் மூடிய கையை ஒருமுறை பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி வளையலைத் தொட்டார்.